மேசைப் போருக்கு ஒரு கோட்டை: அடித்தட்டிலிருந்து ஞாயில் வரை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தானும் இரண்டு நண்பர்களும் 28 மில்லிமீற்றர் உருவங்களை வைத்து மேசைப் போர், அதாவது சிறு போர்வீரர் பொம்மைகளை விதிப்படி மேசையில் நகர்த்தும் விளையாட்டு, ஆடுவதாகவும், ஆறடிக்கு நாலடி மேசை ஒன்று இருப்பதாகவும், அதில் முற்றுகை ஆடுவதற்குக் கற்பனைக் கோட்டை ஒன்று கட்ட விரும்புவதாகவும், செலவழிக்கக் கையில் அதிகம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, எந்தப் பொருளில் கட்டுவது, வர்ணம் பூசிய பெட்டியாகத் தெரியாமல் கல்லாகத் தெரிய என்ன செய்வது, மார்கழி விடுமுறைக்குள் முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

கோட்டை கட்ட உட்காருகிற பெரும்பாலானோர் கோபுரத்திலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை கோபுரம், என்ன உயரம், உச்சியில் என்ன கொடி என்று வரைந்து, கட்டி, வர்ணமும் பூசி முடித்தபின் உருவங்களை மேலே ஏற்றிப் பார்க்கும்போதுதான் அவை நிற்க இடமில்லை என்பது தெரிகிறது. என் முதலாவது கோட்டைக்கு அதுதான் நடந்தது. மதிலின் மேல் வீரர் நிற்கும் வழியான மேல்நடையின் அகலம் 20 மில்லிமீற்றர். உருவம் ஒட்டப்பட்டு நிற்கும் அடித்தட்டு 25 மில்லிமீற்றர். இரண்டு மாத உழைப்பு அலுமாரியின் மேல் போய் இருந்தது. அதில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆகவே, தம்பி, அளவுகோலை எடுத்து முதலில் உங்களுடைய உருவங்களின் அடித்தட்டை அளவுங்கள். கோட்டையின் ஏனைய எல்லா அளவுகளும் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

28 மில்லிமீற்றர் என்பது உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரையான உயரம் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது; ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு அளவு. இந்தக் கணக்கில் 100 மீற்றர் நீளமான உண்மையான மதில் மேசையில் 1.8 மீற்றராகும், அதாவது உங்கள் மேசையின் நீளப் பக்கம் முழுவதையும் ஒரே சுவர் பிடித்துவிடும். ஆகவே நீளத்தைச் சுருக்குவதைத் தவிர வழியில்லை. ஆனால் மனிதனின் உடம்பு தொடுகிற எதையும் சுருக்கக் கூடாது. கதவின் உயரம், படிக்கட்டு, மார்பளவுச் சுவர், ஏணியின் படி ஆகியவை உருவத்தின் அளவுக்குப் பொருந்தி நின்றால், ஓரடி நீளமான மதிலையும் கண் பெரும் மதிலாக ஏற்றுக்கொள்ளும். அவை பிழைத்தால் எவ்வளவு நீளமாகக் கட்டினாலும் விளையாட்டுப் பொருளாகவே தெரியும்.

திருக்குறளின் அரண் அதிகாரத்தில் உயர்வு, அகலம், திண்மை, அருமை என்ற நான்கும் அமைந்ததே அரண் என்று ஒரு குறள் இருக்கிறது. பரீட்சைக்காக மனனம் செய்து மறந்துவிடுகிற அந்த வரியை நான் மேசைக்கோட்டைக்கான வரைபடக் குறிப்பாகவே படிக்கிறேன்.

உயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விதிப்புத்தகத்தில் காலாள் ஒருவன் ஒரு சுற்றில் 6 அங்குலம் நகர்வான் என்றும், ஏறும் தூரமும் அதில் கழியும் என்றும் வைத்துக்கொள்வோம். மேல்நடை 4 அங்குல உயரத்தில் இருந்தால், மதிலடிக்கு வந்துவிட்டவன் அடுத்த சுற்றில் ஏறி, இன்னும் 2 அங்குலம் மேலேயே நகர்ந்தும் விடுவான். அதே மேல்நடை 7 அங்குல உயரத்தில் இருந்தால் அவன் ஒரு சுற்று முழுவதும் ஏணியில் தொங்க வேண்டும். மேலே நிற்பவனுக்கு அது இன்னொரு எறி, இன்னொரு வெட்டு. வெறும் 3 அங்குல வித்தியாசம் முற்றுகையின் முடிவையே மாற்றிவிடும். அழகுக்காக உயரத்தைக் கூட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. முதற்கோட்டைக்கு 4 அங்குலம், அதாவது 100 மில்லிமீற்றர், போதும் என்பது என் தீர்ப்பு. மதிலின் மூலையில் வெளியே நீண்டு நிற்கும் கொத்தளங்களில் ஒன்றை மட்டும் 7 அங்குலத்துக்கு உயர்த்துங்கள். எதிரி அதை விட்டுவிட்டு வேறு வழி தேடுவான், ஆட்டம் அதனாலேயே சுவைபடும்.

அகலம் என்பது மேல்நடை. மதிலின் உட்புறத்தில் வீரர் நிற்கும் மேடையைப் பழந்தமிழ் பதணம் என்கிறது. எய்பவன் மறைந்து நிற்பதற்காக மதிலின் தலையில் அமைத்த உறுப்பை ஞாயில் என்கிறது. இந்த இரண்டு சொற்களையும் உங்கள் வரைபடத்தில் எழுதிக்கொள்ளுங்கள், வேலை செய்யும்போது குழப்பம் வராது. 25 மில்லிமீற்றர் அடித்தட்டுள்ள இருவர் ஒருவரை ஒருவர் கடந்து போவதற்குப் பதணம் 50 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். உங்கள் உருவங்கள் 32 மில்லிமீற்றர் அடித்தட்டில் நிற்பவையானால் 65 ஆக்குங்கள். ஞாயிலின் தாழ்ந்த இடம் 14 மில்லிமீற்றர், உயர்ந்த இடம் 28 மில்லிமீற்றர் என்று வைத்தால், உருவம் இடுப்புக்கு மேல் தெரிய நின்று எய்யவும் கண்மட்டம் வரை மறைய ஒதுங்கவும் முடியும். ஞாயில்களுக்கு இடையிலுள்ள வெட்டு அடித்தட்டின் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏணியில் வந்தவன் எந்த வழியால் உள்ளே இறங்கினான் என்று ஒவ்வொரு முறையும் வாதம் வரும்.

அருமை என்பது கிட்ட வருவதற்கு அரிதாக இருத்தல். இதற்கு உங்களுக்குப் புத்தகம் தேவையில்லை, யாழ்ப்பாணக் கோட்டை நிற்கும் பண்ணைக்குப் போகிற பஸ் போதும். யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதை ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். ஐந்து மூலைகளிலும் அம்புத்தலை போலக் கூர்ந்து வெளியே நீண்ட ஐந்து கொத்தளங்களை வைத்து, ஸீலாந்து, கெல்டர்லாந்து என்று தங்கள் மாகாணங்களின் பெயர்களை இட்டார்கள். வெளி அரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை ஆங்கிலேயரிடம் போய்விட்டது. அதன் வரலாற்றை இங்கே நீட்ட விரும்பவில்லை. மேசைக்கோட்டை கட்டுகிறவர் அங்கே பார்க்க வேண்டியது, மூலைகள் ஏன் கூராக இருக்கின்றன என்பதைத்தான். வட்டக் கோபுரம் ஒன்றின் முகப்பில், பக்கத்துச் சுவரில் நிற்பவனுடைய கண்ணுக்கும் அம்புக்கும் எட்டாத ஒரு துண்டு நிலம் எப்போதும் மிஞ்சும். எதிரி அங்கே வந்து பதுங்கிச் சுவரைத் தோண்டலாம். கொத்தளத்தைக் கூராக்கி, அதன் முகங்களை (கூர்முனையில் சேரும் இரண்டு வெளிப்பக்கங்களை) அடுத்த கொத்தளத்தின் விலாவிலிருந்து (மதிலோடு சேரும் பக்கத்திலிருந்து) நேராகப் பார்க்கும்படி திருப்பிவிட்டால் அந்தப் பதுங்கிடம் இல்லாமற் போகிறது. பீரங்கிக் காலத்தில் இத்தாலியில் தோன்றிய இந்த வடிவமைப்புத்தான் ஒல்லாந்தர் கையால் எங்கள் கடல்நீரேரிக் கரைக்கு வந்து சேர்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் மதிலின் மேல் நடந்து, ஒரு கொத்தளத்தின் விலாவில் நின்று அடுத்ததன் முகத்தைப் பாருங்கள். நான் இங்கே எழுதிய இத்தனை வரியும் ஒரே பார்வையில் விளங்கும்.

மேசைக்கு வரும்போது ஐங்கோணம் முழுவதையும் கட்ட வேண்டாம். மேசையின் குறுகிய பக்கத்தை ஒட்டி, முன்பக்க மதில் ஒன்று, அதன் இரு முனைகளிலும் இரண்டு கொத்தளம், அங்கிருந்து மேசை விளிம்பை நோக்கிப் பின்வாங்கும் இரண்டு மதில்கள் என்று வைத்தால் போதும். மீதி மேசைக்கு வெளியே இருப்பதாகக் கண் நிரப்பிக்கொள்ளும். ஐங்கோணத்தின் உட்கோணம் 108 பாகை என்பதால், மதில்கள் சந்திக்கும் முனைகளை 54 பாகையில் வெட்ட வேண்டும். முன்மதில் 12 அங்குலம், பக்க மதில்கள் 15 அங்குலம் என்றால், கொத்தளங்களையும் சேர்த்துக் கோட்டை ஏறத்தாழ 20 அங்குல ஆழம் பிடிக்கும். முற்றுகையிடுபவனுக்கு நாலடிக்கு மேல் வெளி மிஞ்சும், கோட்டையின் நடுமுற்றமும் கை எட்டும் தூரத்துக்குள் இருக்கும். கை எட்டுவதை அற்பமாக எண்ண வேண்டாம். கட்டடங்களுக்கு இடையில் நாலங்குலமாவது விடாத கோட்டையில், உருவத்தை எடுக்கப் போகிற கை ஞாயிலை உடைத்துக்கொண்டுதான் திரும்பும்.

வெட்டத் தொடங்குவதற்கு முன்னர் மேசையில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, இந்த அமைப்பை உண்மையான அளவில் பென்சிலால் கீறுங்கள். பிறகு ஒரு கொத்தளத்தின் விலாவில் குண்டூசி குத்தி, நூல் கட்டி, அடுத்த கொத்தளத்தின் கூர்முனை வரை இழுத்துப் பிடியுங்கள். முகத்தின் கோடு நூலோடு ஒட்டிக் கிடந்தால் வடிவம் சரி. நூலுக்கு வெளியே பிதுங்கினால், பிதுங்கிய அளவுக்கு அந்தப் பக்கத்தில் பதுங்கிடம் உண்டு. மேசன்மார் நூல் பிடிப்பதுபோலவே இதுவும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தக் கோட்டையையும் நான் வெட்டத் தொடங்குவதில்லை.

கற்பனைக் கோட்டை என்று கேட்டுவிட்டு ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றிப் பேசுவதேன் என்று நினைக்கலாம். கோட்டையின் அறிவு உண்மையானதாக இருந்தால்தான் அதற்குள் வைக்கிற கற்பனையை மற்றவர்கள் நம்புவார்கள். அந்தக் கற்பனைக்குக் கூடத் தமிழில் நல்ல ஊற்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த பொறிகளை ஒன்றொன்றாகச் சொல்லிச் செல்கிறது: தானே வளைந்து எய்யும் வில், கரிய விரல்களையுடைய குரங்கு வடிவப் பொறி, கல் உமிழும் கவண், கொதிக்கும் நெய், கண்ணைக் கொத்தப் பாயும் மீன்கொத்தி வடிவப் பொறி, பன்றிப் பொறி, தூண்டில், கழு. இவற்றுள் எதைச் செய்தாலும் இதுவரை எந்த மேசையிலும் எவரும் காணாத கோட்டையாக உங்களுடையது இருக்கும். ஞாயிலின் மேல் ஒரு கருங்குரங்கு குந்தியிருந்து, ஏணியில் வருகிறவனைக் கைநீட்டிப் பிடிக்கிறது என்று ஒரு விதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் உடைந்த பொம்மையின் கையும் கொஞ்சம் சுவர்ப் புட்டியும் அதற்குப் போதும். முற்றுகையிடும் பக்கத்துக்கு உழிஞை, காக்கும் பக்கத்துக்கு நொச்சி என்று அந்தந்தப் பூவை அடையாளமாக வரைந்தால், எந்த நாட்டுக் கொடியும் இல்லாமலே இரண்டு அணிகள் கிடைத்துவிடுகின்றன.

கொடியைப் பற்றிச் சொன்னது காரணத்தோடுதான். 1990ஆம் ஆண்டு யூன் தொடக்கம் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாணக் கோட்டை உண்மையிலேயே முற்றுகையில் கிடந்தது. அதன் சத்தத்தை வீட்டுக்குள் இருந்து கேட்டவர்கள் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். உங்கள் மேசையைப் பார்க்க வருகிற அம்மம்மாவுக்கோ மாமாவுக்கோ முற்றுகை என்பது விளையாட்டுச் சொல்லாக இராது. கோட்டையின் வடிவத்தை இங்கிருந்து எடுங்கள். ஆனால் அதில் குடியிருப்பவர்களும் அதைத் தாக்குபவர்களும் முழுக்க முழுக்கக் கற்பனையாகவே இருக்கட்டும். இதை விதியாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் இதைச் செய்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டியதென்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனித் திண்மை, அதாவது பொருள். மணியில்லாத அடர்த்தியான நுரைப்பலகையைத்தான் இந்தக் கலையில் பழகியவர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள்; ஆனால் எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது ரெஜிபோம் என்ற மணிமணியான வெள்ளை நுரைப்பலகை. குளிர்சாதனப்பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி வந்த மட்டைப்பெட்டிகளுக்குள் அது சும்மா கிடக்கும். மீன் பெட்டி உடைந்ததும் கிடைக்கும், ஆனால் அதை நன்றாகக் கழுவிக் காயவிட்டு எடுங்கள். 50 மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டை நிமிர்த்தி வைத்தால் அதன் மேல்முகமே 50 மில்லிமீற்றர் பதணம் ஆகிவிடுகிறது. வெளிமுகத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டொன்றை, பதணத்துக்கு மேல் 28 மில்லிமீற்றர் உயரும்படி ஒட்டினால் அது ஞாயிலாகிறது. மதில் கட்டி முடிந்தது. வெளிமுகம் அடியில் அகன்று மேலே ஒடுங்கும்படி சற்றுச் சரிவாக இருந்தால் கனமான தோற்றம் வரும். அடியில் ஒரு மெல்லிய ஆப்புத் துண்டை ஒட்டினாலே அந்தச் சரிவு கிடைக்கும்.

வெட்டுவதற்குப் புதிய அலகு வேண்டும், அதைப் படுக்கையாகப் பிடித்து மூன்று நான்கு இழுப்பில் வெட்ட வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டினால் மணிகள் உதிர்ந்து விளிம்பு கடித்ததுபோல ஆகிவிடும். சூட்டுக்கம்பியால் வெட்டினால் விளிம்பு மிகத் துப்புரவாக வரும். ஆனால் எரிந்து வரும் புகை சுவாசத்துக்குக் கெட்டது, ஆகவே விறாந்தையில், காற்று வீசும் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள், வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பிக்குக் கொடுக்கிற வேலையை எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஒட்டுவதற்கு வெள்ளை பைண்டர் பசை. அது உலரும் வரை ஈர்க்குத் துண்டுகளை ஆணிபோலக் குத்தி விட்டால் துண்டுகள் நழுவாது. உலர்ந்தபின் ஈர்க்கை எடுக்கவும் தேவையில்லை. கோதுமைமாப் பசையைத் தவிருங்கள், கரப்பானுக்கு அது விருந்து. ஸ்பிறே பெயின்றை வெறும் ரெஜிபோமில் ஒருபோதும் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்று, சில நிமிடங்களில் மதிலைத் தேன்கூடாக்கிவிடும். மண்ணெண்ணெய், தின்னர் சேர்ந்த எந்தப் பூச்சும் அப்படித்தான்.

அடுத்தது கல். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். இணையத்தில் காணப்படும் கோட்டைகள் பெரும்பாலும் சதுரமாகச் செதுக்கிய சாம்பல்நிறக் கருங்கல்லால் ஆனவை. எங்கள் கோட்டை முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆனது. அந்தக் கல் நுண்துளை நிறைந்தது, ஒரு கல் இன்னொன்றைப்போல இராது, சிலவற்றில் சிப்பியின் தடம் தெரியும். மேலே சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டு, காலம் போகப் போகச் சாந்து கழன்று, கழன்ற இடத்தில் மட்டும் கல் வெளியே தெரியும். இதைச் சிறிய அளவில் செய்ய உலகத்திலேயே பொருத்தமான பொருள் முப்பது முட்டை அடுக்குகிற அந்தச் சாம்பல்நிற மட்டைத் தட்டுத்தான் என்று நான் எண்ணுகிறேன். அதன் கூழ்மட்டை இயல்பாகவே சொரசொரப்பானது. தட்டையான பகுதிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, விளிம்புகளை விரலால் பிய்த்து, 5 மில்லிமீற்றர் தொடக்கம் 12 மில்லிமீற்றர் வரை அளவு மாற்றி மாற்றி ஒட்டுங்கள். 56இல் ஒரு பங்கில் 5 மில்லிமீற்றர் கல் என்பது உண்மையில் 28 சென்ரிமீற்றர்; ஒரு மனிதன் தூக்கி வைக்கக்கூடிய கல். 12 மில்லிமீற்றருக்கு மேலுள்ளவற்றை மூலைகளுக்கும் வாயில் வளைவுக்கும் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் உண்மைக் கட்டடத்திலும் பெரிய, ஒழுங்கான கற்கள் மூலைக்குத்தான் போகும், நடுவில் சல்லிபோல எதுவும் கிடக்கும்.

மதில் முழுவதும் கல் ஒட்ட வேண்டியதில்லை, அதுதான் இந்த முறையின் பெரிய நன்மை. மதிலின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவர்ப் புட்டியும் பைண்டர் பசையும் குழைத்து மெல்லியதாகப் பூசி, ஈரமான தூரிகையால் தட்டி விடுங்கள். மீதி ஒரு பங்கில், சாந்து கழன்ற இடங்களாக, ஒழுங்கற்ற திட்டுகளில் மட்டும் கல் தெரியட்டும். எங்கே கழலும் என்பதையும் யோசியுங்கள்: மழைநீர் வடியும் பீலிக்குக் கீழே, நிலத்தோடு உப்பு ஏறும் அடிப்பகுதியில், வாயிலில் வண்டி உரசும் உயரத்தில். வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் பழைய மதில் ஒன்று நிச்சயம் இருக்கும், அதன் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள், வேறு ஆசிரியர் தேவையில்லை. உண்மையான முருகைக்கல் துண்டை ஈரப் புட்டியில் அழுத்தியும் தடம் எடுக்கலாம். ஆனால் கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், கோட்டைச் சுவரிலிருந்து ஒரு பொடிக்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. பழைய வேலியிலிருந்து விழுந்து கிடக்கிற துண்டு கிடைத்தால், துளைகள் மிக நுண்ணியதாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பெரிய துளைகள் இந்த அளவில் குகைகளாகத் தெரியும்.

கோட்டைக்கு வெளியே எதிரி ஒதுங்குவதற்கும் ஏதாவது வேண்டும். நெடுந்தீவில் சாந்தில்லாமல் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய காணி வேலிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒட்டி மிஞ்சிய முட்டைமட்டைத் துண்டுகளை 20 மில்லிமீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் அதே வேலி வந்துவிடும். ஓரங்குலம் தொடக்கம் ஆறங்குலம் வரை பல துண்டுகளாகச் செய்து வைத்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் களத்தை மாற்றலாம். மூங்கிற் குச்சியில் கறுப்பு வர்ணம் பூசி, விசிறியாக வெட்டிய கடதாசியை உச்சியில் ஒட்டிப் பத்துப் பனை செய்து நட்டால், கோட்டையைச் சூழும் காவற்காடும் ஆயிற்று.

அகழியைப் பற்றி ஒரு நுணுக்கம். மேசையைத் தோண்ட முடியாது என்பதால் பலர் நீலக் கடதாசி ஒன்றைச் சுவரடியில் விரித்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாகக் கோட்டை முழுவதையும் 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் மேடையில் ஏற்றுங்கள். அகழிக்கு 80 மில்லிமீற்றர் இடம் விட்டு, அதற்கு அப்பால் 25 மில்லிமீற்றரில் தொடங்கி வெளியே போகப் போக ஆறங்குலத்தில் நிலத்தோடு சேரும் சரிவுத் துண்டுகளை வையுங்கள். ஐரோப்பியக் கோட்டைகளில் மதிலடியைப் பீரங்கியிலிருந்து மறைப்பதற்காக இத்தகைய சரிவு கட்டப்பட்டது. உங்கள் மேசையில் அது ஆழமான அகழி என்ற தோற்றத்தையும் தரும், உருவங்கள் சரியாமல் நிற்கக்கூடிய அளவுக்கு மெதுவான சரிவாகவும் இருக்கும். அகழியின் அடியை மட்டையில் செய்து, நடுவில் கரும்பச்சையும் கரையில் மண்ணிறமும் கலந்து பூசி, உலர்ந்தபின் தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷ் மூன்று தரம் பூசுங்கள்.

வாயில் 60 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் உயரம். கதவுகள் திறந்து மூடவும், ஆட்டத்தில் உடைந்தால் கழற்றி எடுக்கவும் கூடியதாக இருக்க வேண்டும். வாயிலுக்கு நேர் உள்ளே முற்றம் திறந்து கிடக்காமல், குறுக்கே ஒரு சுவர் வைத்து வழியை ஒருமுறை திருப்புங்கள். கதவை உடைத்து நுழைந்தவன் அங்கே இன்னொரு சண்டை போட வேண்டும். சிறிய காவல், பெரிய இடம் என்று அதே அரண் அதிகாரம் சொல்வது இதைத்தான். உள்ளே கிணறு ஒன்றும் நெற்களஞ்சியம் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். அவை வெறும் அலங்காரம் அல்ல. கிணற்றை எதிரி மூன்று சுற்றுக்குக் கைப்பற்றி வைத்திருந்தால் காவலர் மனம் தளர்வார்கள் என்பதுபோன்ற ஒரு விதிக்கு அவை இடம் தரும். கதவைவிட முக்கியமான இலக்கு ஒன்று உள்ளே இருந்தால்தான் முற்றுகை நீண்டு சுவைக்கும்.

வர்ணம் பூசுவதற்கு முன்னர், வெள்ளை ரெஜிபோமாகவே இருக்கும் நிலையில், ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். படிக்கட்டு பிழையான இடத்தில் இருப்பதும், ஏணி சாயாததும் அப்போதுதான் தெரியும், அப்போதுதான் வெட்டித் திருத்தவும் மனம் வரும். திருத்தியபின், பைண்டர் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து கோட்டை முழுவதும் இரண்டு தரம் பூசி உலரவிடுங்கள். பிறகு கறுப்பும் மண்ணிறமும் கலந்த எமல்சன் பெயின்ற் அடிப்பூச்சு, எந்தத் துளையும் வெள்ளையாகத் தெரியாதபடி. அதன்மேல் இளஞ்சாம்பல், அதன்மேல் மணல்நிறம், இறுதியில் ஏறத்தாழ வெள்ளை என்று மூன்று நிறங்களை, தூரிகையைக் கடதாசியில் துடைத்து ஏறத்தாழ உலர்ந்த நிலையில், மேடுகளை மட்டும் தொடும்படி இழுத்துப் பூசுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கையின் பாரம் குறைய வேண்டும். அதன் பின்னர், தேயிலைச் சாயம்போல நீர்க்கக் கரைத்த மண்ணிறத்தைக் கல் இடுக்குகளில் ஓடவிட்டு, பீலிக்குக் கீழே மட்டும் கறுப்பும் பச்சையும் கலந்த ஒரு நீண்ட கறை. மாரி முடிந்த தையில் எங்கள் மதில்களில் நிற்கும் அந்தப் பாசிக் கறுப்பை ஒருமுறை கவனித்தால் இதை எவ்வளவு பூசுவது என்பது தெரியும். நிலத்துக்குக் கடற்கரை மணல் போடுவதானால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவி எடுங்கள். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்து, பூச்சை மெல்ல மெல்லக் கழற்றும்.

மார்கழி விடுமுறைக்குள் முடியுமா என்றால், முழுவதும் முடியாது. மழைக்காலத்தில் பசையும் புட்டியும் காய்வதற்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஈரப் புட்டியின் மேல் வர்ணம் பூசினால் பிறகு தோல்தோலாக உரியும். கார்த்திகையில் வரைபடமும் நூல்சோதனையும், மார்கழியில் முன்மதிலும் வாயிலும் இரண்டு கொத்தளங்களும் வெட்டி ஒட்டி வெறும் வெள்ளையில் ஆட்டம், தைப்பொங்கலுக்குப் பிறகு கல்லும் சாந்தும், மாசி வெயிலில் வர்ணம் என்று வைத்துக்கொண்டால் மூவரும் சேர்ந்து நெருக்கடி இல்லாமல் முடிக்கலாம். பக்க மதில்கள் அதற்குப் பிறகு வரட்டும். துண்டு துண்டாகக் கட்டுவதால் அவை இல்லாமலே ஆட்டம் நடக்கும். ஒவ்வொரு துண்டின் அடியிலும் எண் எழுதி, துணி சுற்றி, மட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியவை ஏதாவது இருந்தால் அந்தப் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் ஏற்றாதீர்கள், சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகி மூட்டுகள் விட்டுவிடும். கட்டிலுக்குக் கீழே, இரண்டு செங்கல்லின் மேல் வைப்பது நல்லது.